ஓடுபாதை விளக்கை அணைத்தவர்

லண்டனின் ஹரோ பகுதியில் இருக்கும் தமிழர்களில் விமானம் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று பல வருடங்களாகச் சொல்லிவந்தேன். அதை யாரும் சரிபார்க்கவில்லை. நானும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கப்போய் அடுத்த தெருவில் இன்னொருவர் இருந்துவிட்டால் மனிதன் என்ன செய்வது?

பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளனாக இருந்த நான் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் விமானம் ஓட்டப் பழகினேன். அந்த வயதில் எங்கள் ஆட்கள் கோயில் நிர்வாக சபைக்குப் போட்டியிடுவார்கள். அதில் நான் ஏற்கெனவே தோற்றிருந்தபடியால் எனக்கு வானம்தான் மிச்சமிருந்தது. லைசன்ஸ் கிடைத்த கிழமையே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். நாலு பேர் இருக்கக்கூடிய வாடகை விமானம் ஒன்றின் இறக்கையில் கையை வைத்துப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்க்காமல் உட்கார முடியாதபடி நாற்காலிகளைத் திருப்பிப் போட்டேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் என்னை "எங்கள் விமானி" என்று அறிமுகம் செய்தார்கள். அப்படிச் சொல்லும்படி எழுதிக்கொடுத்ததும் நான்தான்.

பகலில் விமானம் ஓட்டுவது கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது. எனக்கல்ல, என் கதையைக் கேட்கிறவர்களுக்கு. ஆகவே இரவில் ஓட்டும் அனுமதியையும் எடுத்தேன். லண்டனுக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில், தனியார் ஒருவருடைய சின்ன ஓடுபாதை இருந்தது. சொந்தக்காரர் ஆஸ்திரேலியாவில் கனகாலம் விமானம் ஓட்டிய ஆங்கிலேயர். அந்த நாட்டின் ஒதுக்குப்புற ஓடுபாதைகளில் இரவில் ஆள் வைத்திருப்பதில்லை. வருகிற விமானியே ஆகாயத்திலிருந்து ரேடியோ மூலம் விளக்குகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் அது அபூர்வம். இவர் தன் ஓடுபாதைக்கும் அப்படி ஒரு கருவியைப் பொருத்தி வைத்திருந்தார்.

முறை மிகவும் சுலபம். ரேடியோவை அந்த ஓடுபாதையின் அலைவரிசைக்குத் திருப்ப வேண்டும். விமானத்தின் கைப்பிடியில் பேசுவதற்கான பட்டன் ஒன்று இருக்கும். ஒன்றும் பேசாமல் அந்தப் பட்டனை ஏழு தடவை வேகமாக அழுத்தினால் கீழே ஓடுபாதையின் இரண்டு ஓரத்திலும் விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரியும். பதினைந்து நிமிடத்தில் தாமாகவே அணைந்துவிடும். இன்னும் வேண்டுமென்றால் மறுபடி ஏழு தடவை அழுத்தலாம். அழுத்தினால் அணையாது, அந்தப் பதினைந்து நிமிடம் புதிதாகத் தொடங்கும். ஆகவே இறங்குவதற்காகத் திரும்பும்போது, விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் இன்னொரு முறை அழுத்திவிட வேண்டும். இதை எனக்குப் படிப்பித்தவர்கள் பல தடவை சொன்னார்கள். பரீட்சையிலும் கேட்டார்கள், நான் சரியாக எழுதினேன். யாழ்ப்பாணத்தில் படித்தவனுக்கு ஒரு விஷயத்தைப் பரீட்சையில் சரியாக எழுதியவுடன் அந்த விஷயத்தோடு தொடர்பு முடிந்துவிடும்.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் மனைவியின் தம்பி. அகதியாக ஜெர்மனிக்குப் போய், அங்கே ஒரு விமான நிலையத்தில் பல வருடங்கள் விமானங்களின் வயிற்றுக்குள் சூட்கேஸ் ஏற்றியவர். ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்ததும் லண்டனுக்கு வந்து தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை போட்டார். ஆயிரக்கணக்கான விமானங்களுக்குள் தவழ்ந்திருக்கிறாராம், ஒன்றிலாவது முன்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லையாம். என் வரவேற்பறைப் படத்தை உண்மையாகவே ரசித்துப் பார்த்த ஒரே மனிதர் அவர். அதோடு நின்றிருந்தால் நல்லாக இருந்திருக்கும். ஒரு நாள் கேட்டார்.

"அத்தான், என்னாலையும் பழக ஏலுமோ?"

"ஏன் ஏலாது," என்றேன். பெருந்தன்மை காட்டுவதற்கு இது நல்ல இடம் என்று நினைத்தேன். அவரால் ஏலும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் பழகிய இடத்திலேயே அவரும் பழகத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, லண்டனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வருவார். ஒரு மாதம் போயிருக்கும். அவருடைய பயிற்சியாளர், எனக்கும் பயிற்சி கொடுத்தவர்தான், தேநீர் குடிக்கும் இடத்தில் என்னைப் பிடித்து, "உன் மைத்துனருக்கு அமைதியான கைகள். இப்படி எல்லாருக்கும் அமையாது," என்றார். நான் சிரித்தேன். என் கைகளைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை, கைப்பிடியை நெரிக்காதே என்பதுதான். வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோர்ண்டன் ஹீத் லண்டனின் தெற்கே இருக்கிறது. ஆகவே ஹரோவின் ஒரே தமிழ் விமானி என்ற பட்டத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆனால் ஒரே குடும்பத்தில் இரண்டு விமானிகள் இருந்தால், அதில் ஒருவர் முருங்கைக்காய் விற்கிறவராகவும் இருந்தால், என் படத்தை யார் பார்ப்பார்கள்?

அந்த மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை என் மனைவியையும் மச்சானையும் ஏற்றிக்கொண்டு, லண்டனின் விளக்குகளைக் காட்ட அந்த வயல் ஓடுபாதையிலிருந்து புறப்பட்டேன். மனைவி பின்னால், மடியில் பொரித்த இறைச்சி ரோல்ஸ் நிரம்பிய டப்பாவோடு. மச்சான் எனக்குப் பக்கத்தில், அவருக்கு முன்னாலும் ஒரு கைப்பிடி, அதிலும் ஒரு பட்டன். நகரத்தின் வடக்கு ஓரமாகப் பறந்துவிட்டு, இருட்டியபின் ஓடுபாதையை நோக்கித் திரும்பினேன். வெகு தூரத்திலேயே ரேடியோவை மாற்றினேன்.

"அங்கை பாரும். என்ன தெரியுது?"

"ஒண்டும் தெரியேல்லை அத்தான். ஒரே இருட்டு."

"அந்தப் பட்டனை ஏழு தரம் கெதியா அமத்தும்."

அவர் பெருவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினார். இருட்டுக்குள் இரண்டு வரிசை விளக்குகள் எரிந்தன. யாரோ கீழே இரண்டு தங்கச் சங்கிலிகளை இழுத்து விரித்தது போல ஒரேயடியாக.

"அக்கா, நான் கொளுத்திட்டன். பாத்தியே? நான் கொளுத்தினது."

"பாத்தன், பாத்தன். நீ விழுந்திடாதை," என்றாள் அக்கா. "இஞ்சருங்கோ, எங்கடை வீடு எந்தப் பக்கம்?"

இங்கேதான் நான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் என் சபை முழுமையாகக் கூடியிருந்தது, வெளியேறவும் முடியாது. ஒரு பெரிய வட்டம் அடித்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த ஒரு வெளிச்சத்தைக் காட்டி அதுதான் ஹரோ என்றேன். அது பக்கத்து நகரமான வட்ஃபோர்டாக இருந்திருக்கலாம். பிறகு இரவில் இறங்குவதன் நுட்பங்களை விளக்கினேன். கண்ணை நம்பக் கூடாது, விதிமுறையைத்தான் நம்ப வேண்டும் என்றேன். தொடர்ந்து விதிமுறையைப் பற்றி நீண்ட நேரம் பேசினேன். ஒரு ரோல்ஸும் சாப்பிட்டேன்.

கடைசியாக இறங்குவதற்குத் திரும்பினேன். விளக்கு வரிசை நேராக முன்னால் இருந்தது. வேகம் சரி, உயரம் சரி. மறுபடி அழுத்தவில்லை. வயல்களின் வேலிக்கு மேலே வந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். அப்போது விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் இல்லாமற் போயின.

அந்த இருட்டைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. முன்னால் நிலம் இருக்கிறது, ஆனால் எங்கே என்று தெரியாது. பழக்கத்தில் கை தானாக முழு விசையையும் கொடுத்து மூக்கைத் தூக்கியது. என்னைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான், நான் அல்ல. மேலே ஏறும்போதே என் பிழை எது என்று எனக்கு விளங்கிவிட்டது. பின்னால் மனைவி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, என்ன நடந்தது? ஏன் லைட் நூந்தது?"

மறுபடி அழுத்த மறந்துவிட்டேன். அவ்வளவுதான் பதில். சொல்வதற்கு நேரமும் இருந்தது. அதற்குப் பதிலாக நான் பக்கத்தில் திரும்பி, மிகவும் அமைதியான குரலில் கேட்டேன்.

"தம்பி, நீர் அந்தப் பட்டனைத் திரும்பத் தொட்டனீரோ?"

"இல்லை அத்தான். நான் கையை..." அவர் தன் கையைப் பார்த்தார். அது அந்தக் கைப்பிடிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான்தான் அங்கே வைத்திருக்கச் சொன்னேன். "தெரியேல்லை. பட்டிருக்குமோ?"

"பட்டிருக்கும். திரும்பப் பட்டால் நூந்திடும்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சுருக்கமான தொழில்நுட்ப விளக்கம் அது. அதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. அவர் பயிற்சியாளரிடமோ, அந்த ஆங்கிலேயரிடமோ கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அக்காவின் புருஷன், அதுவும் எஞ்சினியர், ஒன்றைச் சொன்னபிறகு அதை வெளியாளிடம் கேட்டுப் பார்ப்பது எங்கள் குடும்பங்களில் வழக்கமில்லை. அது எனக்குத் தெரியும். அந்த வழக்கத்தின் மேல்தான் நான் அன்று பத்திரமாக இறங்கினேன்.

பட்டனை ஏழு தடவை அழுத்தி, விளக்கை ஏற்றி, விமானத்தை இறக்கினேன். என் வாழ்நாளில் மிக அழகாக இறக்கியது அன்றுதான். மச்சான் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"நீ ஏனடா உதைத் தொட்டனி? எல்லாரையும் சாக்கொல்லப் பாத்தியே?" என்று அக்கா காருக்குப் போகும் வழி முழுவதும் ஏசினாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அத்தான்," என்றார் அவர்.

"பரவாயில்லை. புதுசாப் பழகிறாக்களுக்கு வாறதுதான்," என்று நான் மன்னித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. என்ன நடந்தது என்று பயிற்சியாளர் என்னிடம் கேட்டார். கடையில் வேலை அதிகம் என்றேன். ஒரு நல்ல மாணவன் போய்விட்டான் என்று அவர் வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன். முகத்தை எப்படி வைத்திருந்தேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. பயத்தில் வந்த பொய் என்று இதைச் சொல்லி முடித்துவிட எனக்கு ஆசைதான். பயம் தரையைத் தொட்டவுடன் போய்விட்டது. பொய்யை நான் அதற்குப் பிறகும் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அது நன்றாக வேலை செய்தது.

வைத்துக்கொண்டது மட்டுமல்ல, விருந்துகளில் பரிமாறவும் தொடங்கினேன். கலியாணம், பிறந்தநாள், எந்த மண்டபமாக இருந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது கேட்பார்கள், "ஐயா, அந்த மச்சான்ரை கதையைச் சொல்லுங்கோவன்." நான் சொல்வேன். சொல்லச் சொல்ல வேலி உயர்ந்தது, இருட்டு கூடியது, என் அமைதியும் கூடியது. மச்சானும் மேசையில் இருந்து சிரிப்பார். அவர் ஏதாவது மண்டபத்தில் சுவிட்சுக்குப் பக்கத்தால் நடந்தால் இளம் பொடியள், "கவனமடா, அங்கிள் வாறார், லைட் நூரப்போகுது," என்பார்கள். அவருடைய மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டிலும் மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். அன்று அவர் பட்டு வேட்டியும் சால்வையுமாக மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மகளும் சிரித்தாள். அப்பா ஒரு முட்டாள் வேலை செய்தவர் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சில வருடங்களுக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனையில் என் இருதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்று சொல்லி என் லைசன்ஸை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் என் மனச்சாட்சி வந்து கதவைத் தட்டியது. எவ்வளவு நாகரிகமான மனச்சாட்சி, பாருங்கள். எனக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லாமற் போகும்வரை வெளியில் காத்து நின்றிருக்கிறது. நான் உள்ளே விட்டபிறகு போக மறுத்துவிட்டது.

ஒரு பின்னேரம் ரயில் ஏறித் தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். கடையில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, மரவள்ளிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"அண்டைக்கு லைட் நூந்தது உம்மாலை இல்லை. நான் திரும்ப அமத்த மறந்தது. அது பதினைஞ்சு நிமிசத்திலை தானா நூரும். நான் உம்மிலை பொய் சொன்னனான்."

அவர் தூக்கிவந்த பெட்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உந்த வயசிலை உங்களுக்கு ஏன் அத்தான் உந்தக் கதை? டொக்டர் யோசிக்க வேண்டாம் எண்டு சொன்னவரல்லே?"

"நான் உண்மையைச் சொல்லுறன்."

"எனக்காகச் சொல்லுறியள். அது எனக்கு விளங்குது. நான் என்ரை கையாலை பட்டதை எப்பவோ ஏற்றுக்கொண்டிட்டன். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

நான் பொய் சொன்னபோது ஒரு மூச்சில் நம்பிய மனிதர். உண்மையைச் சொன்னபோது தேத்தண்ணி போடப் போய்விட்டார். அந்தப் பொய்யை நான் அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தேன். நான் பரிசோதித்த பாலங்களில்கூட அப்படி ஒன்று இருந்ததில்லை.

அடுத்த கிழமை அவரை வற்புறுத்தி அந்த வயல் ஓடுபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பறப்பதற்கல்ல. சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு, அவருடைய கைரேடியோவை வாங்கி, ஓடுபாதையின் ஓரத்தில் காரை நிறுத்தினேன். ரேடியோவை மச்சானிடம் கொடுத்தேன்.

"அமத்தும்."

"நான் மாட்டன். நீங்களே அமத்துங்கோ."

நான் ஏழு தடவை அழுத்தினேன். விளக்குகள் எரிந்தன. பிறகு இன்னொரு ஏழு தடவை அழுத்தினேன். அணையவில்லை. ரேடியோவைக் காரின் கூரையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் உள்ளே போய் இருந்தோம். யாரும் எதையும் தொடவில்லை. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கடை வாடகையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார், மகள் பல்கலைக்கழகத்துக்குப் போவதைப் பற்றிக் கதைத்தார். முன்கண்ணாடிக்கு அப்பால் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பிறகு, எல்லாம் ஒன்றாக, அணைந்தன.

அவர் முன்கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு, "தானா நூந்தது," என்றார்.

"ஓம்."

"அண்டைக்கும் இப்பிடித்தான்."

"ஓம்."

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்." இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "நீர் இப்பவும் பழகலாம். வயசு பெரிசா இல்லை. நான் அவையோடை கதைக்கிறன்."

"எனக்கு ரெண்டு வருசமா இன்சுலின் அத்தான். ஊசியோடை எனக்கு லைசன்ஸ் குடுக்க மாட்டாங்களாம். நான் விசாரிச்சனான்."

அவர் விசாரித்திருக்கிறார். கைகளின் மேல் உட்கார்ந்து வந்த மனிதர், இவ்வளவு வருடத்துக்குப் பிறகும், பயத்தோடாவது, ஒரு தடவை எங்கோ விசாரித்திருக்கிறார். நான் காரை இயக்கினேன். தோர்ண்டன் ஹீத் வந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அக்காவுக்கு இண்டைக்கே சொல்லுங்கோ. மற்றது, நீங்கள் மைக்கிலை சொன்ன கதை. அதை மைக்கிலைதான் திருத்த வேணும்."

மனைவிக்கு அன்றிரவே சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டாள். என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "அப்ப நான் அவனை ஏசினது?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவு தம்பிக்குப் போன் எடுத்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தாள்.

மைக் கிடைப்பதற்கு அதிக காலம் ஆகவில்லை. எங்கள் ஆட்களுக்கு மண்டபம் எடுக்க ஒரு காரணம் போதும். என்னுடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு ஹரோவில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். சாப்பாடு வந்தபிறகு வழக்கம்போல ஒருவர் எழும்பி, "மச்சான்ரை கதை," என்றார். நான் மைக்கை எடுத்தேன். அந்த இரவு விளக்கு அணைந்தது என் பிழை என்றும், அவர் எதையும் தொடவில்லை என்றும், பழியை நான்தான் அவர்மேல் போட்டேன் என்றும் சொன்னேன். பேச்சுக்கலையில் பழகிய நாக்கு, சும்மா இருக்காதே. நடுவில் ரோல்ஸைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

மண்டபம் சிரித்தது. சிலர் கை தட்டினார்கள். முன் மேசையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "பாத்தியளே, பெரிய மனுசன். கடைசிவரைக்கும் மச்சானை விட்டுக்குடுக்கிறாரில்லை."

நான் மைக்கை வைக்கப் போனேன். பின் மேசையிலிருந்து மச்சான் எழும்பினார். கையில் சோறு இருந்தது. மகள் பக்கத்தில் இருந்து அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தான், இன்னொருக்கால் சொல்லுங்கோ. ஆக்களுக்கு விளங்கேல்லை."

அதற்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. நான் மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை ரோல்ஸ் இல்லை, லண்டன் விளக்குகள் இல்லை. "நான் பொய் சொன்னனான்," என்று தொடங்கி, அவருடைய கைகள் அமைதியான கைகள் என்று பயிற்சியாளர் சொன்னதையும், அது எனக்குப் பிடிக்காமற் போனதையும் சொன்னேன். நடுவில் எங்கோ சிரிப்பு நின்றது. ஒரு கரண்டி தட்டில் விழுந்தது கேட்டது. சொல்லி முடித்து நிமிர்ந்தபோது ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மகள் மட்டும் பார்த்தாள்.

மச்சான் அதற்குப் பிறகு உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைக் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.